காணாமல் போன ஆறாவது வரிசை

இந்தத் தொழிலில் முறைப்படி ஓய்வுபெற்ற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். எனக்கு முன்னால் இருந்தவர்கள் யாரும் ஓய்வுபெறவில்லை, சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனார்கள். எனக்குச் சால்வை போர்த்தி, சுவர்க் கடிகாரம் ஒன்றைக் கையில் கொடுத்து, மேடையில் உட்காரவைத்துப் புகழ்ந்தார்கள். அந்தக் கடிகாரம் அடுத்த வாரமே நின்றுவிட்டது. இருந்தாலும் மரியாதை மரியாதைதான்.

இப்போது நீங்கள் புதிதாக வேலைக்கு வந்திருக்கிறீர்கள். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, மெஷின்கள் இரைகிற ஷெட்டுக்குள் ஏதோ கோயில் கருவறைக்குள் போகிற பக்தியோடு போகிறீர்கள். உங்களுக்கு என் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லி நிர்வாகம் கேட்டிருக்கிறது. மெஷினை எப்படிக் கழற்றுவது, எப்படித் தூசு ஊதுவது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாவிட்டால் போனில் வீடியோ இருக்கிறது. நான் சொல்லப்போவது வேறு. ஒரு எண்ணைப் பார்த்ததும் யார் கழுத்தைப் பிடிப்பது என்று நான்கு பேர் உங்களைக் கேட்பார்கள். அப்போது என்ன செய்வது என்பதைப் பற்றி.

முதலில், நாம் எதை அளக்கிறோம் என்பதைத் தெளிவாக்கிவிடுகிறேன். நம் மெஷின் என்ன செய்கிறது? ஊகிக்கிறது. ஒரு எண்ணைப் போட்டுப் பார்க்கிறது, சரியில்லை என்கிறது, அடுத்த எண்ணைப் போடுகிறது. சரியான எண் சிக்கினால் கிரிப்டோ காசு கிடைக்கும், அதுதான் நமக்குக் கூலி. நொடிக்கு எத்தனை ஊகம் என்பதுதான் ஹாஷ்ரேட். லட்சம் கோடி ஊகம் சேர்ந்தால் ஒரு டெராஹாஷ். எங்கள் ஷெட்டில் ஒவ்வொரு மெஷினும் ஏறக்குறைய நூறு டெராஹாஷ் போடும். நீங்கள் ஒரு தடவை கண் சிமிட்டுவதற்குள் அது லட்சக்கணக்கான கோடி தடவை தப்பாகச் சொல்லிவிட்டு, கொஞ்சமும் வெட்கப்படாமல் அடுத்ததற்குப் போயிருக்கும். இத்தனை வேகத்தில் தப்பாகச் சொல்கிறவர் மனிதர்களில் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். அவர் பெயர் பாஸ்கர். எங்கள் முதலாளியின் மச்சான். சீக்கிரமே வருவார்.

முதலாளி ரங்கநாதன் ஏம்பலத்துக்காரர். நெல்லும் கரும்பும் போட்ட குடும்பம். கோழிப்பண்ணை வைத்துப் பார்த்தார், கோழிகள் ஒத்துழைக்கவில்லை. அந்த ஷெட் சும்மா கிடந்தபோதுதான் பாஸ்கர் போனில் ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து, கோழிக்குப் பதில் மெஷின் வைக்கலாம், மெஷினுக்குச் சீக்கு வராது என்று யோசனை சொன்னார். அப்படித்தான் ஆறு வரிசை மெஷின்கள் வந்து உட்கார்ந்தன. புதுச்சேரி டவுனில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வாழ்நாளைக் கழித்த நான், வில்லியனூரிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் அங்கே போக ஆரம்பித்தேன். என் பதவிக்கு டெக்னிக்கல் மேனேஜர் என்று பெயர். எது நடந்தாலும் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்பதைத்தான் அப்படி மரியாதையாகச் சொல்வார்கள்.

முதலாளி ஹாஷ்ரேட்டைக் கையால் அளப்பார். மெஷினின் பின்பக்கம் உள்ளங்கையைக் காட்டி, காற்று சுட்டால் "நல்லா ஓடுது சார்" என்பார். பாஸ்கர் காதால் அளப்பார், சத்தம் அதிகமாக இருந்தால் சக்தி அதிகம் என்பது அவர் கட்சி. மெஷினின் சொந்தக் காட்சிப் பலகையில் ஓர் எண் ஓடும், அதை அளவு என்று நம்புவது மூன்றாவது கட்சி. நானும் ஆரம்பத்தில் அதில்தான் இருந்தேன். மெஷின் பழுது பார்க்கும் ஒரு பெரியவருடன் அப்போது அடிக்கடி போனில் பேசுவேன். மெஷின் தன்னைப் பற்றிச் சொல்வதைக் காது கொடுத்துக் கேள், ஆனால் வந்து சேர்ந்ததை மட்டும் எண்ணு என்று அவர் சொன்ன பிறகுதான் கட்சி மாறினேன்.

வந்து சேர்ந்தது என்றால் என்ன? ஒரே ஒரு ஷெட் தனியாக ஊகித்துக்கொண்டிருந்தால் சரியான விடை கிடைக்க ஆயுள் போதாது. ஆகையால் ஊர் ஊராக இருக்கிற ஷெட்டுகள் சேர்ந்து ஊகிக்கின்றன. அதற்கு ஆங்கிலத்தில் நீச்சல் குளத்தின் பெயர்தான், அதைத் தமிழ் எழுத்தில் எழுதினால் மரியாதையாக இருக்காது, ஆகையால் எங்கள் ஷெட்டில் அதைக் கூட்டணி என்போம். தேர்தல் கூட்டணியைப் போலவே இதிலும் தலைமைக்கு உங்கள் முகம் தெரியாது. நீங்கள் அனுப்புகிற சில்லறை விடைகளை அது எண்ணிக்கொண்டே வரும். கடைசி இருபத்துநான்கு மணி நேரத்தில் வந்ததை வைத்து, இந்த ஷெட்டின் பலம் இவ்வளவு என்று சராசரி போட்டுத் தன் இணையப் பக்கத்தில் காட்டும். மெஷின் பலகை, நான் எவ்வளவு உழைக்கிறேன் என்று சொல்லும். கூட்டணிப் பக்கம், உன் உழைப்பில் எவ்வளவு எனக்கு வந்தது என்று சொல்லும். இரண்டும் எப்போதும் ஒன்றாக இருக்காது. இருக்கவேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்கள்தான் உங்களுக்கு மேலே இருப்பார்கள்.

இனி ஸ்டெல்லா. ஒதியம்பட்டுப் பெண். டிப்ளமோ படித்தவள். அவள் அம்மா அப்பா இருவருமே நாற்று நட்டும் கரும்பு வெட்டியும் வளர்த்த பிள்ளை. மூன்று வருடமாக எங்களிடம் வேலை பார்த்தாள். மெஷின்களை எந்த வரிசையில் தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால் மின்சாரம் விழாது என்பது அவள் கையில் இருந்தது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டுத்தான் பார்ப்போமே என்று பாஸ்கர் ஒரு முறை முயன்று, ஏம்பலத்தில் பாதித் தெருவை இருட்டாக்கினார். அதற்குப் பிறகு சுவிட்ச் பலகை ஸ்டெல்லா பொறுப்பு. மெஷின் அமைப்புகளின் பாஸ்வேர்டும் அவளிடம் இருந்தது. பாஸ்கரிடமும் இருந்தது, ஆனால் அவர் அதை மறந்துபோய் பல மாதம் ஆகியிருந்தது.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு மெஷின்களுக்கு ஓய்வு கொடுப்பதாக முதலாளி முடிவு செய்தார். அரிவாள், டிராக்டர், மோட்டார் எல்லாம் ஓய்வெடுக்கும்போது இவை மட்டும் என்ன பாவம் செய்தன என்பது அவர் வாதம். எனக்கு மறுப்பு இல்லை. சந்தனத்தைக் காற்று இழுக்கிற சல்லடையில் பூசாமல் பெட்டியின் மேலே பூசுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். கேட்டார்கள், பெரும்பாலான மெஷின்களில். நல்ல நேரம் பார்த்து ஒன்பது மணிக்கு முதலாளியே தன் கையால் மின்சாரத்தை நிறுத்தினார். பூஜையை நடத்திவைக்கத் தொகுதியில் ஒரு பெரிய மனிதரை அழைத்திருந்தார்கள். பத்து மணிக்கு வருவதாகச் சொன்னவர், பெரிய மனிதர் என்பதால், மதியம் பன்னிரண்டரைக்குத்தான் வந்தார். வந்து, கற்பூரம் காட்டி, ஒரு மணிக்கு வாசலில் பூசணிக்காயை உடைத்தார். உடைத்த கையோடு எல்லாரும் வடை பாயசத்தோடு சாப்பிட உட்கார்ந்தார்கள். ஸ்டெல்லா மட்டும் ஷெட்டுக்குள் போய் வரிசை வரிசையாக மெஷின்களைப் போட்டுவிட்டு வந்தாள். அப்போது உள்ளே அவள் தனியாக இருந்தாள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றவர்கள் வைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் விஜயதசமி. எந்தக் காரியமும் தொடங்க உகந்த நாள் என்பதால், பாஸ்கர் அன்று காலையில் துப்பறியத் தொடங்கினார்.

நான் போய்ச் சேர்ந்தபோது எட்டு மணி தாண்டியிருந்தது. அலுவலக அறையில் முதலாளி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஸ்டெல்லா சுவரோரம் நாற்காலியில். அவள் போன் முதலாளியின் சட்டைப் பையில். பாஸ்கர் நின்றுகொண்டிருந்தார், ஏனென்றால் இந்த மாதிரி நேரத்தில் உட்கார்ந்தால் எடுப்பாக இருக்காது. வேலைக்கு வந்த மற்ற ஆட்கள் வாசலில் கும்பலாக நின்று, ஒன்றும் பார்க்காத மாதிரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விஷயம் இதுதான். பாஸ்கர் காலையில் எழுந்து கூட்டணிப் பக்கத்தைத் திறந்திருக்கிறார். வழக்கமான எண்ணில் ஆறில் ஒரு பங்கு காணோம். ஷெட்டுக்கு ஓடிவந்து மெஷின் பலகைகளைப் பார்த்திருக்கிறார். ஒவ்வொன்றும் முழு எண்ணைக் காட்டி, சந்தனப் பொட்டோடு ஓடிக்கொண்டிருக்கிறது. மெஷின் முழுசாக உழைக்கிறது, வந்து சேர்ந்ததில் ஆறில் ஒன்று இல்லை. ஷெட்டில் வரிசை எத்தனை? ஆறு. முடிந்தது கதை. ஒரு வரிசை முழுவதையும் ஸ்டெல்லா தன் கணக்குக்குத் திருப்பிவிட்டாள். இந்த மாதிரித் திருட்டு உலகத்தில் நடக்காதது இல்லை, பாஸ்கர் அதைப் பற்றியும் வீடியோ பார்த்திருந்தார்.

"மாமா, கணக்கு ஒட்டிவெச்ச மாதிரி வருது பாரு. ஆறாவது வரிசைதான். அவதான் கடைசியா உள்ள இருந்தா" என்றார்.

எந்த வரிசை எவ்வளவு அனுப்புகிறது என்று கூட்டணிப் பக்கத்திலேயே பார்த்துவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நல்ல கேள்வி. ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்திருந்தால் பார்க்கலாம். ஆனால் மெஷின்களைப் பதிவு செய்த அன்று பாஸ்கர், ராசியாக இருக்கட்டும் என்று, எல்லாவற்றுக்கும் முதலாளியின் காலஞ்சென்ற அப்பாவின் பெயரையே வைத்துவிட்டார். கூட்டணியைப் பொறுத்தவரை அந்த ஷெட்டில் பெரியவர் ஒருவரே உட்கார்ந்து ராப்பகலாக ஊகித்துக்கொண்டிருந்தார்.

தனக்கு எதுவும் தெரியாது, தான் எதையும் மாற்றவில்லை என்று ஸ்டெல்லா திரும்பத் திரும்பச் சொன்னாள். அழவில்லை. அதையே பாஸ்கர் ஒரு சாட்சியாக எடுத்துக்கொண்டார். முதலாளியோ, ஒதியம்பட்டிலிருந்து வந்த பெண்ணை நம்பிச் சுவிட்சைக் கொடுத்தேனே என்று ஊர்ப்பெயரை அழுத்திச் சொன்னார். ஊர்ப்பெயரில் அழுத்துவதற்கு என்ன இருக்கிறது என்று அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். யாரும் கேட்கவில்லை. எனக்குக் கோபமாக வந்தது, நானும் அப்போது கேட்கவில்லை.

பிறகு முதலாளி என் பக்கம் திரும்பினார். ஸ்டேஷனில் தெரிந்தவர் ஒருவரிடம் பேசியாயிற்று, அவர்கள் மதியத்துக்கு மேல் வருவார்கள். "நாங்க சொன்னா இன்னா தெரியும்னு கேப்பாங்க. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க சார், ஆமா இப்படித்தான் திருப்பி வுட்டிருக்கான்னு. போதும்" என்றார்.

தம்பிகளே, தங்கைகளே, இந்தத் தொழிலில் உங்களுக்கு வரும் நெருக்கடி தீப்பிடிப்பதோ, மின்சாரம் விழுவதோ அல்ல. அதற்கெல்லாம் பக்கெட்டில் மணல் இருக்கிறது. ஒருவர் உங்களிடம் வந்து ஒரே ஒரு வார்த்தை கேட்பார், அதுதான் நெருக்கடி. நான் ஆமாம் என்றால், ஸ்டெல்லாவுக்குத் திருட்டுப் பட்டம் ஒட்டிவிடும். அதற்குப் பிறகு அவள் நிரபராதி என்று தெரிந்தாலும், வில்லியனூரிலிருந்து பாகூர் வரைக்கும் ஒரு கடைக்காரரும் அவளைக் கல்லாப் பக்கம் நிற்க விடமாட்டார். நான் இல்லை என்றால், காரணம் சொல்லியாக வேண்டும். தெரியாது என்று சொல்லலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டெக்னிக்கல் மேனேஜர் தெரியாது என்றால் அதை ஆமாம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

ஆகையால் நான் செய்த முதல் காரியம், காபி கேட்டது. அது வருவதற்குள் கொஞ்சம் யோசிக்க நேரம் கிடைத்தது.

ஆறில் ஒரு பங்கு என்பது ஷெட்டின் கணக்கில் ஒரு வரிசை. ஒரு நாளின் கணக்கில் அது நான்கு மணி நேரம். கூட்டணி காட்டுவது ஒரு முழு நாள் சராசரி. அந்த நாளுக்குள் நேற்று மெஷின்கள் தூங்கின நேரமும் சேர்ந்து கிடக்கிறது. ஒன்பதுக்கு நிறுத்தி, ஒரு மணிக்குப் போட்டது. மெஷின் பலகைக்கோ அந்தத் தூக்கம் நினைவில் இல்லை, அது எழுந்த பிறகுதான் எண்ண ஆரம்பித்தது. ஆகையால் அது முழுசாகக் காட்டுகிறது. இவ்வளவுதான். யாரும் எதையும் எடுக்கவில்லை.

இதை நான் சொன்னேன். சொன்னதும் எல்லாரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டு, ஸ்டெல்லாவிடம் மன்னிப்புக் கேட்டு, மீதி வடையைப் பகிர்ந்துகொண்டார்கள் என்று நீங்கள் நினைத்தால், நீங்கள் இன்னும் எந்த அலுவலகத்திலும் வேலை பார்க்கவில்லை என்று அர்த்தம்.

பூஜை ஒரு மணி நேரம்தான் நடந்தது என்றார் பாஸ்கர். அது உண்மை. பூஜை ஒரு மணி நேரம்கூட நடக்கவில்லை. அதற்கு முன்னால் பெரிய மனிதருக்காகக் காத்திருந்த நேரத்தை யாரும் நேரமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பெரிய மனிதருக்காகக் காத்திருப்பதை எங்கள் பக்கத்தில் வாழ்க்கையின் ஒரு பகுதியாகத்தான் எண்ணுவோம். முதலாளிக்கு வேறு சங்கடம். "அப்ப, ஆயுத பூஜையால எனக்கு நஷ்டம்னு சொல்றீங்களா சார்?" என்று கேட்டார். குரலில் கோபத்தைவிட பயம் அதிகமாக இருந்தது. சரஸ்வதியால் நஷ்டம் என்று விஜயதசமி அன்று ஒரு மனிதன் ஒப்புக்கொள்ள முடியுமா? பெரிய மனிதரால் நஷ்டம் என்று அடுத்த தேர்தல்வரை ஒப்புக்கொள்ள முடியுமா? ஸ்டெல்லாவால் நஷ்டம் என்றால் யாருக்கும் மனவருத்தம் இல்லை. எல்லாருக்கும் வசதியான விடை அது. அதனால்தான் அது அவ்வளவு சீக்கிரம் கிடைத்தது.

இதில் இன்னொரு வில்லங்கமும் இருந்தது. நேரம் போகப்போக நேற்றைய தூக்கம் சராசரியிலிருந்து கழன்றுகொண்டே போகும். மதியம் ஒரு மணிக்கு எண் முழுசாகிவிடும். ஸ்டேஷன் ஆட்கள் வரும்போது குறை எதுவும் இருக்காது. அப்போது பாஸ்கர் என்ன சொல்வார்? பிடிபட்டதும் திருப்பிக் கொடுத்துவிட்டாள் என்பார். அவள் குற்றமற்றவள் என்று காட்டவேண்டிய எண்ணே அவள் குற்றத்துக்குச் சாட்சியாகிவிடும். நடந்த பிறகு நான் என்ன விளக்கினாலும் அது வக்கீல் பேச்சாகத்தான் காதில் விழும். ஆகையால் நடப்பதற்கு முன்னால் சொல்லியாக வேண்டும். சொன்னது நடக்காவிட்டால் என் வேலையும் போகும். அவளும் ஸ்டேஷனுக்குப் போவாள்.

காபியைக் கீழே வைத்துவிட்டு, வாசலில் நின்ற ஆட்கள் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னேன். ஒன்பது மணிக்கு மேல் இந்த எண் தானாக ஏற ஆரம்பிக்கும். கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். நேற்று பூசணிக்காய் உடைத்த நேரம் வந்ததும் ஏறுவது நிற்கும். அதுவரைக்கும் ஸ்டெல்லா இந்த நாற்காலியை விட்டு எழமாட்டாள், அவள் போன் முதலாளி பையிலேயே இருக்கட்டும், ஷெட்டுக்குள் யாரும் ஒரு சுவிட்சைக்கூடத் தொடவேண்டாம். ஒரு திருடி திருப்பிக் கொடுப்பதானால் ஒரே அடியாகக் கொடுப்பாள், பெரிய மனிதர் பூசணிக்காய் உடைத்த நேரம் பார்த்துக் கொடுக்கமாட்டாள்.

முதலாளி ஒப்புக்கொண்டார். எப்படியும் ஸ்டேஷன் ஆட்கள் வரும்வரை வேறு வேலை இல்லை.

ஒன்பது தாண்டியதும் எண் அசைந்தது. பாஸ்கர் தன் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்து, பார்த்துப் பார்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஏறியது. மறுபடி ஏறியது. வாசலில் இருந்தவர்கள் கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிற மாதிரி எட்டிப் பார்த்துக் கேட்டார்கள். அவள் டைமர் வைத்திருக்கலாம் என்று பாஸ்கர் ஒரு கருத்தை வெளியிட்டார். டைமரை எதில் வைப்பது என்று நான் கேட்டதற்கு, அது டெக்னிக்கல் ஆட்களுக்குத்தான் தெரியும் என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். கூட்டுச் சதியில் என் பெயரும் சேர்ந்துவிட்டது என்று புரிந்தது.

பதினொரு மணி வாக்கில் எண் நின்றுவிட்டது.

நான் சொன்னபடி ஒரு மணிக்கு அல்லவா நிற்கவேண்டும்? பாஸ்கர் தேய்த்துப் பார்த்தார். அதே எண். இன்னொரு தடவை தேய்த்தார். அதே எண். "பாத்தியா மாமா. சாரோட கணக்கு அவ்ளோதான்" என்றார். முதலாளி என்னைப் பார்த்தார். ஸ்டெல்லாவும் பார்த்தாள். காலையிலிருந்து அவள் முகத்தில் பயத்தை அப்போதுதான் பார்த்தேன். என் கணக்கில் எங்கே ஓட்டை என்று தெரியவில்லை. ஒருவேளை பாஸ்கர் சொல்வதுதான் சரியோ என்றுகூட ஒரு கணம் தோன்றிவிட்டது. பாஸ்கர் சரி என்று நினைக்கிற அளவுக்கு ஒரு மனிதனைக் கொண்டுபோக முடியும் என்றால் நெருக்கடி என்பது எப்பேர்ப்பட்டது என்று பாருங்கள்.

தண்ணீர் குடிக்க எழுந்தபோதுதான் அலமாரி மேல் இருந்த இணையப் பெட்டி கண்ணில் பட்டது. சிவப்பு விளக்கு. மதகடிப்பட்டு ரோட்டில் யாராவது எதற்காவது குழி தோண்டினால் எங்கள் இணையம் செத்துப்போகும், மாதம் ஒரு தடவையாவது அது நடக்கும். பாஸ்கர் பார்த்துக்கொண்டிருந்தது சொந்த போனின் இணைப்பில், ஆகையால் யாருக்கும் தெரியவில்லை. மெஷின்கள் போட்ட விடை எதுவும் கூட்டணிக்குப் போகவில்லை, அதனால்தான் எண் ஏறவில்லை. இருந்த நாலைந்து பேரும் எண்ணையே முறைத்துக்கொண்டிருந்தோம், எண் வருகிற வழியை ஒருவரும் பார்க்கவில்லை.

இதை வாயால் விளக்கினால் சாக்கு என்பார்கள் என்று தெரியும். முதலாளியின் கையைப் பிடித்து ஷெட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனேன். பாஸ்கரும் பின்னாலேயே வந்தார். ஆறாவது வரிசையின் முன்னால் நின்று பலகையைக் காட்டினேன். அது நடப்பது தெரியாமல் இன்னும் முழு எண்ணைக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டிருந்தது. பாஸ்கரின் போனைக் காட்டினேன். ஏறவில்லை.

"மெஷின் முழுசா ஓடுதா முதலாளி?"

"ஓடுது."

"அங்க போய்ச் சேருதா?"

"இல்ல."

"ஸ்டெல்லா எங்க?"

"ரூம்ல ஒக்காந்துனு இருக்கா."

"அவ போனு?"

அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப இப்ப திருடிக்கினு இருக்கறது யாரு முதலாளி?"

முதலாளி கையை நீட்டி, பழக்கதோஷத்தில், பின்பக்கக் காற்று சுடுகிறதா என்று பார்த்தார். சுட்டது. பிறகு அவருக்குத் தெரிந்த பாஷையில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்: "வெட்டு நடந்துனுதான் கீது. லோடுதான் ஆலைக்குப் போவல." கரும்புக்காரர். வயலில் எத்தனை பேர் அரிவாள் வீசினார்கள் என்று ஆலைக்குத் தெரியாது, வந்து நின்ற லோடுதான் அதற்குத் தெரியும் என்பது அவருக்குத் தலைமுறையாகத் தெரிந்த விஷயம். காலையிலேயே நான் அதில் ஆரம்பித்திருக்கலாம். சராசரி, கூட்டணி என்றெல்லாம் பேசி அரைநாளை வீணாக்கினேன். கேட்கிறவருக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்குங்கள், உங்களுக்குத் தெரிந்ததைக் காட்ட வேறு நேரம் கிடைக்கும்.

கொஞ்ச நேரத்தில் விளக்கு பச்சையானது. எண் மறுபடி ஏறியது. ஒரு மணிக்குப் பூசணிக்காய் உடைத்த நேரத்தில், வழக்கத்தைவிட ஒரு இம்மி குறைவாக வந்து நின்றது. அந்த இம்மி இணையம் செத்திருந்த நேரத்தின் பங்கு. அதை பாஸ்கர் சுட்டிக்காட்ட வாயெடுத்தார். "சும்மா இருடா" என்றார் முதலாளி. அந்த ஷெட்டில் நான் கேட்ட மிகச்சிறந்த தொழில்நுட்ப முடிவு அதுதான். பிறகு ஸ்டேஷனுக்குப் போன் செய்து, வரவேண்டாம், ஏதோ இணையக் கோளாறு என்றார். பூஜையும் தப்பித்தது, பெரிய மனிதரும் தப்பித்தார். குழி தோண்டியவர் தலையில் எல்லாம் விழுந்தது.

முதலாளி சட்டைப் பையிலிருந்த போனை எடுத்து ஸ்டெல்லாவிடம் நீட்டினார். "ஒண்ணும் இல்லம்மா. மனசுல வெச்சிக்காத. போய் வேலையப் பாரு" என்றார்.

அவள் போனை வாங்கிக்கொண்டாள். எழுந்து நின்றாள். காலையிலிருந்து உட்கார்ந்திருந்ததில் கால் மரத்திருக்க வேண்டும், நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். வாசலில் எல்லாரும் இருந்தார்கள். குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"மெஷினுக்கே ஒரு நாள் முழுக்க சேத்துப் பாத்துதான் சார் சொல்லணும்னு இப்ப ஒத்துக்கினீங்க. என்ன மூணு வருஷமா பாக்குறீங்க. காலைல ஒரு தடவகூட அத சேத்துப் பாக்கத் தோணலியா?"

முதலாளி என்னைப் பார்த்தார், டெக்னிக்கல் மேனேஜர் ஏதாவது சொல்வார் என்று. பாஸ்கர் போனைத் தேய்த்தார்.

அவள் வேலையை விடவில்லை. வீட்டு நிலைமை அப்படி. மறுநாளே வந்தாள், அதற்குப் பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தாள். வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அடுத்த ஆயுத பூஜைக்கு முதலாளி ஒரே ஒரு மெஷினை மட்டும் நிறுத்தி அதற்கு மட்டும் பொட்டு வைத்தார், பெரிய மனிதருக்கு அழைப்பு இல்லை. வரிசைக்கொரு தனிப்பெயர் வைத்தோம். எல்லாம் சரியாயிற்று என்றுதான் வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் சொல்வார்கள்.

கூட்டணியின் சராசரியிலிருந்து கெட்ட நேரம் ஒரு நாளில் கழன்று விழுந்துவிடும், எண் பழையபடி ஏறிவிடும். மெஷினுக்கு அது பெரிய வசதி. ஸ்டெல்லா அந்த விஜயதசமிக்குப் பிறகு அலுவலக அறைக்குள் ஒரு தடவைகூட வரவில்லை. எதைச் சொல்வதானாலும் வாசல்படிக்கு வெளியே நின்று சொல்வாள். முதலாளி ஒவ்வொரு தடவையும் நாற்காலியைக் காட்டி, "உள்ள வந்து ஒக்காந்து சொல்லும்மா" என்பார்.

"இருக்கட்டும் சார்" என்பாள்.